தொட்டறியும் ஒளி

புளி கரைக்கும்போது நம் கண் கிண்ணத்தைப் பார்ப்பதில்லை. சதை எது, கொட்டை எது என்று விரலே சொல்லிவிடுகிறது. மருத்துவர்களும் இக்கலையை நெடுங்காலமாக அறிவர். மார்பகப் புற்றுநோய் பல பெண்களுக்கு முதன்முதலில் கைக்குத் தட்டுப்படும் ஒரு கட்டியாகவே தெரிய வருகிறது. புற்றணுக்கள் நெருக்கமாகப் பெருகுவதாலும், அவற்றைச் சுற்றிக் கொலாஜன் என்னும் நார்ப்பொருள் மிகுதியாகப் படிவதாலும் அவ்விடம் இறுகிவிடுகிறது. அதைச் சூழ்ந்துள்ள கொழுப்புத் திசுவோ வெண்ணெய் போல மெத்தென்றிருக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க மருத்துவர் ஹால்ஸ்டெட் பரப்பிய முறைப்படி, மார்பகம் முழுவதையும் அதன் அடியிலுள்ள தசைகளோடும் அக்குளின் நிணநீர்க் கணுக்களோடும் சேர்த்து அகற்றினர். ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் பெண்கள் இக்கொடுமையைத் தாங்கினர். இவ்வளவு வெட்டத்தான் வேண்டுமா என்ற வினாவை 1970-களில் இத்தாலியின் மிலான் நகரில் வெரோனேசியும், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஃபிஷரும் துணிந்து எழுப்பினர். கட்டியை மட்டும் சுற்றியுள்ள சிறிது திசுவோடு எடுத்துவிட்டுக் கதிர் சிகிச்சை அளித்தாலும், வாழ்நாள் குறைவதில்லை என்பதை இருபது ஆண்டுக்காலக் கண்காணிப்பின் பின் 2002-ஆம் ஆண்டு இருவரின் ஆய்வுகளும் உறுதிப்படுத்தின. கதிர் சிகிச்சை மிக இன்றியமையாதது. ஃபிஷரின் ஆய்வில் அதனைப் பெறாதவர்களுள் நூற்றுக்கு 39 பேருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பியது. பெற்றவர்களுள் 14 பேருக்கே திரும்பியது.

மார்பகம் காப்பாற்றப்பட்டது, ஆனால் புதியதொரு சிக்கல் தோன்றியது. எவ்வளவு எடுத்தால் போதும்? எடுத்த துண்டின் மேற்பரப்பு முழுவதும் மை பூசி, அதனைப் பதப்படுத்தி, மெல்லிய சீவல்களாக்கி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். ஊடுருவும் வகைப் புற்றுநோயில், மை பட்ட விளிம்பில் புற்றணு இல்லையெனில் போதும் என்பது 2014-இல் அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் வகுத்த நெறி. மையின்மேல் புற்றணு இருந்தாலோ, உள்ளேயும் மிச்சம் இருக்கக்கூடும் என்று பொருள். இம்முடிவு வந்து சேரச் சில நாட்கள் ஆகும். அதற்குள் அந்தப் பெண் தையல் போடப்பட்டு வீடு திரும்பியிருப்பார். உறைய வைத்து உடனே பார்க்கலாமே என்றால், மார்பகத்தின் கொழுப்பு எளிதில் உறைவதில்லை.

இங்கிலாந்தில் 2005 முதல் 2008 வரை இவ்வித அறுவை செய்துகொண்ட 55,000-க்கும் மேற்பட்ட பெண்களின் பதிவேடுகளை ஆராய்ந்தபோது, ஐவரில் ஒருவர் மீண்டும் அறுவைக்கு உள்ளானது தெரிய வந்தது. "எல்லாம் முடிந்துவிட்டது" என்று குழந்தைகளிடம் சொல்லி ஆறுதல் அடைந்திருந்த ஒரு தாய், மறுபடியும் மயக்க மருந்து மேசைக்குச் செல்வதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அறுவை மருத்துவரின் விரல் நுட்பமானதுதான். ஆயினும் கடுகினும் சிறிய புற்றுத் துணுக்கை அது உணராது. விரலின் வேலையை ஒளியிடம் கொடுத்தால் என்ன? ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கென்னடி குழுவினர் இதையே செய்தனர். 1991-இல் அமெரிக்காவில் வெளியிடப்பெற்ற ஒளி ஒத்திசைவுப் படமுறை, கண் மருத்துவத்தில் இன்று பெரிதும் பயன்படுகிறது. அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தி, திரும்பும் ஒளியிலிருந்து திசுவின் உட்படத்தை அது வரைகிறது. இதனோடு ஓர் அழுத்தத்தைச் சேர்த்தனர். வெட்டியெடுத்த துண்டைக் கண்ணாடிச் சாளரத்தின்மேல் வைத்து, மிக மிக இலேசாக அழுத்துவார்கள். மெத்தென்ற இடம் அதிகமாகவும் இறுகிய இடம் குறைவாகவும் நசுங்கும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் கிடைக்கும் நானோமீட்டர் அளவிலான அசைவுகளைக்கூட அவ்வொளி அளந்துவிடுகிறது!

ஆனால் எவ்வளவு விசை தந்தோம் என்று தெரியாமல் நசுங்கிய அளவை மட்டும் வைத்துக் கடினத்தைக் கணிக்க இயலாது. இயற்பியல் வகுப்பில் தகைவும் திரிபும் படித்தோர்க்கு இது விளங்கும். அதற்கு அவர்கள் கண்ட உபாயம் எளியது. நமக்கு மிகவும் பிடித்ததும் அதுவே. கடினம் முன்னரே அறியப்பட்ட மெல்லிய சிலிக்கோன் படலத்தைக் கண்ணாடிக்கும் திசுவுக்கும் இடையில் வைத்தனர். படலம் எவ்வளவு நசுங்கியது என்பதிலிருந்து அவ்விடத்துத் தகைவு தெரிகிறது. தகைவைத் திசுவின் திரிபால் வகுத்தால் கடினம் கிடைக்கிறது. அதை வண்ணப்படமாகத் தீட்டிக் காட்டுகிறார்கள்.

2020-இல் வெளியான இவர்களது ஆய்வில் 90 நோயாளிகளின் திசுக்கள் இடம்பெற்றன. புற்று இருந்த இடங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 93-ஐ இக்கருவி சரியாகக் காட்டியது. கடினத்தைச் சேர்க்காமல் ஒளிப்படத்தை மட்டும் நம்பியபோது 69-ஐத்தான் காட்டிற்று.

குறைகளும் உள. ஒளி ஒரு மில்லிமீட்டர் ஆழமே செல்லும். விளிம்பைப் பார்க்க அது பெரும்பாலும் போதுமெனினும், அதற்கப்பால் இருப்பது தெரியாது. தீங்கற்ற நார்க்கட்டியும் கடினமாகவே இருக்கும். சளி போன்ற பொருளைச் சுரக்கும் அரிய புற்றுவகையோ மென்மையாக இருக்கும். ஆகவே நுண்ணோக்கியின் தீர்ப்பு இன்னும் வேண்டியதாகவே உள்ளது.

வெட்டிய துண்டைச் சோதிப்பதைவிட உடலில் எஞ்சியிருப்பதைச் சோதிப்பதே மேல் அல்லவா? அதற்காகக் கையில் பிடித்து அறுவைக் குழிக்குள்ளேயே வைத்துப் பார்க்கத்தக்க சிறு கருவியையும் அக்குழுவினர் உருவாக்கி, அறுவைக் கூடத்தில் நோயாளிகளிடமே பயன்படுத்திப் பார்த்துள்ளனர்.