வரைபடத்தின் வெள்ளைக் கோடுகள்

அன்புள்ள கண்ணம்மா,

லியோனில் பழைய சைக்கிள் ஒன்று வாங்கிவிட்டாய் என்று அண்ணி சொன்னார். லாரிகள் உரசாத சாலையாக இருக்க வேண்டும், பழைய ஊர்களையும் பார்க்க வேண்டும், எங்கே போகலாம் என்று நீ கேட்டிருந்தாய். உன் அறையிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்தொலைவுக்குள்ளேயே அப்படிப்பட்ட பகுதி இருக்கிறது. மாக்கோன் நகருக்கு மேற்கே, பர்கண்டியின் தென்கோடி. எந்த வழியில் போவது என்பதைவிட, வழியை எப்படித் தேர்வது என்பதைத்தான் முதலில் உனக்குச் சொல்லித்தர விரும்புகிறேன். அது கைவந்துவிட்டால் பிரான்சின் எந்த மூலையிலும் நீயே வழி கண்டுகொள்வாய்.

தாளில் அச்சான வரைபடம் ஒன்று வாங்கு. கைபேசி உன்னைச் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்ப்பதிலேயே குறியாக இருக்கும். மிஷெலின் நிறுவனத்தின் வட்டார வரைபடத்தில் 1 சென்டிமீட்டர் என்றால் 2 கிலோமீட்டர். சிவப்புக் கோடு பெரிய சாலை. அதன் பக்கமே போகாதே. மஞ்சள் கோடு ஊர்களை இணைக்கும் நடுத்தரச் சாலை. ஞாயிறு காலையில் போகலாம். உனக்குரியவை வெள்ளைக் கோடுகள். வெள்ளையின் ஓரமாகப் பச்சைக் கரை ஓடினால் அது அழகான காட்சியுள்ள சாலை. கோட்டின் மேல் சின்ன அம்புமுனைகள் இருந்தால் அவை ஏற்றத்தைக் காட்டுகின்றன: ஒரு முனை என்றால் 5 முதல் 9 சதவீதம், இரண்டு என்றால் 13 வரை, மூன்று என்றால் அதற்கும் மேல். மூன்று முனை கண்டால் இறங்கித் தள்ளு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இத்தனை வெள்ளைக் கோடுகள் எங்கிருந்து வந்தன என்று ஒரு நிமிடம் யோசித்துப் பார். 1836-இல் பிரான்சில் ஒரு சட்டம் வந்தது. ஊர்களுக்கு இடையிலான சிறு பாதைகளைப் பராமரிப்பது அந்தந்த ஊரின் கட்டாயக் கடமை ஆயிற்று. அதற்காகக் குடியானவர்களிடமிருந்து ஆண்டுக்கு மூன்று நாள் வரை உழைப்பை வாங்கவும் ஊருக்கு அதிகாரம் கிடைத்தது. வண்டியும் மாடும் வைத்திருந்தவர்கள் அவற்றையும் கொண்டுவந்தார்கள். மாதா கோயிலிலிருந்து சந்தைக்கும், சந்தையிலிருந்து ஆலைக்கும் போன பழைய தடங்கள் இப்படித்தான் கல்லிட்ட சாலைகளாயின. பிற்பாடு தாரும் கண்டன. இன்று ஏ6 நெடுஞ்சாலையும் பழைய தேசியச் சாலையும் ஸோன் ஆற்றுச் சமவெளியோடு ஓடுகின்றன. அவசரக்காரர்கள் எல்லோரும் அந்தப் பக்கம் போய்விட, குன்றுகளுக்கு நடுவே அந்தக் குடியானவர்களின் சாலைகள் நல்ல நிலையில், ஆளில்லாமல் கிடக்கின்றன. நடந்தும் மாட்டுவண்டியிலும் போனவர்களுக்காக அமைந்த தடங்கள் என்பதால், சைக்கிளின் வேகத்துக்கு அவை இயல்பாகவே பொருந்திப்போகின்றன.

இனி வழி. மாக்கோன் வரை ரயிலில் வா. ஊர் எல்லையிலிருந்து பழைய ரயில் தடத்தின் மேல் போட்ட பசுமைப் பாதை ஒன்று க்ளூனி வழியாக வடக்கே போகிறது. பிரான்சில் இவ்வகைப் பாதைகளில் இதுவே மூத்தது. க்ளூனிக்கும் ஷிவ்ரிக்கும் இடைப்பட்ட பகுதி 1997-இல் திறக்கப்பட்டது. மோட்டார் வண்டி கிடையாது, ஏற்றமும் பெரிதாக இல்லை. முதல் நாள் பழகிக்கொள்ள இது போதும். க்ளூனிக்கு முன்னால் புவா க்ளேர் சுரங்கம் வரும், 1.6 கிலோமீட்டர் நீளம், உள்ளே நல்ல குளிர். குளிர்காலத்தில் வௌவால்கள் உறங்குவதற்காக அதை அடைத்துவிடுவார்கள். அப்போது குன்றேறித்தான் கடக்க வேண்டும்.

ஆனால் அந்தப் பாதையிலேயே ஒட்டிக்கொண்டு போய்விடாதே. ரயில் தடம் போட்டவர்கள் சமநிலத்தைத் தேடினார்கள். ஊர்களோ ஊற்றையும் கோயிலையும் சுற்றிச் சரிவில் அமைந்தவை. பாதையில் மட்டுமே போனால் ஊர்களின் புழக்கடைதான் உன் கண்ணில் படும். உதாரணமாக, சுரங்கத்துக்கு முன்பே சிறு ஏற்றம் ஏறினால் பெர்ஸே-லா-வீல் என்ற ஊர். க்ளூனி மடத்தலைவர் ஓய்வெடுக்க வந்து தங்கிய சிறு தேவாலயம் அங்கே இருக்கிறது. அதன் சுவரோவியங்கள் 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்து 1887-இல்தான் மறுபடி வெளிச்சம் கண்டன. அவற்றின் நீலத்தை நீ உன் கண்ணால் பார்க்க வேண்டும்.

க்ளூனியில் அரை நாளாவது தங்கு. 910-இல் தொடங்கிய மடம் அது. 1088-இல் அவர்கள் கட்டத் தொடங்கிய மூன்றாவது தேவாலயம் 187 மீட்டர் நீளம். ரோமில் புனித பேதுரு ஆலயத்தை மறுபடி கட்டும் வரை கிறிஸ்தவ உலகில் அதைவிடப் பெரியது இருக்கவில்லை. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு, 1798-இல், மாக்கோன் வணிகர்கள் அதை விலைக்கு வாங்கினார்கள். வழிபட அல்ல, கல்லுக்காக. நடுக்கூடத்தின் குறுக்கே தெருவே போட்டார்கள். கால் நூற்றாண்டுக் காலம் இடித்து விற்றார்கள். நெப்போலியன் ஆணையிட்டு அமைந்த குதிரைப் பண்ணைக்கும் அந்தக் கல் போயிற்று. பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. தெற்குப் பக்கக் கூடத்தில் நின்று அண்ணாந்து பார், மிச்சமிருக்கும் அந்த ஒரு துண்டின் உயரமே உன்னைப் பேசவிடாது. பிறகு சுற்றுவட்டார ஊர்களின் சிறு கோயில்கள் எனக்கு ஏன் இத்தனை முக்கியம் என்று உனக்கே விளங்கும். பெரியது அழிந்தது, அதே காலத்து மனிதர்கள் எழுப்பிய சின்னஞ்சிறு கோயில்கள், விற்க ஆசைப்படும் அளவுக்குக் கல் இல்லாததாலோ என்னவோ, ஊர் ஊராக நிற்கின்றன.

க்ளூனியிலிருந்து வடக்கே டி 981 என்ற சாலை போகிறது. அது வண்டிகள் விரையும் சாலை. அதை விட்டுப் பசுமைப் பாதையிலேயே க்ரோன் ஆற்றோரம் போ. தேஸே குன்றைக் கடந்து கொர்மாத்தன் வரும். அங்கே பாதையை விட்டு டி 14-இல் கிழக்கே திரும்பு. வெள்ளை ஷரோலே மாடுகள் மேயும் வயல்களுக்கு நடுவே ஷபேஸ் ஊரின் கோபுரம் தொலைவிலேயே தெரியும். 11-ஆம் நூற்றாண்டுக் கோயில், 35 மீட்டர் கோபுரம், அதைச் சுற்றிக் கைவிரலில் எண்ணும் அளவுக்கு வீடுகள். உள்ளே தடித்த தூண்கள் பாரம் தாங்கிச் சாய்ந்தே நிற்கின்றன. அங்கிருந்து சாலை மெல்ல ஏறும். கணவாயில் இடப்புறம் பிரியும் சிறுவழி ப்ரான்ஸியோன் கோட்டை ஊருக்கு. அதன் கோயில் வாசலில் நின்றால் நீ வந்த பள்ளத்தாக்கு முழுவதும் காலடியில் கிடக்கும். பிறகு தூர்னு வரை பெரும்பாலும் இறக்கம். மாக்கோனிலிருந்து மொத்தம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். இரண்டு நாளாகப் பிரித்துக்கொள், க்ளூனியில் இரவு தங்கு.

சில பழக்கங்களை இப்போதே பழகிக்கொள். அங்கே வலப்புறம் ஓட்ட வேண்டும் என்பது உனக்குத் தெரியும். தெரியாமல் பலர் மாட்டிக்கொள்வது வேறு விதி: வேறு அறிவிப்பு இல்லாவிட்டால், வலப்பக்கச் சந்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. ஊருக்குள் வீடுகளுக்கு நடுவிலிருந்து டிராக்டர் நிற்காமல் வரும். அது டிராக்டர்காரரின் உரிமை. மஞ்சள் வைரப் பலகை இருந்தால் முன்னுரிமை உன்னுடையது. ஊருக்கு வெளியே உன்னைத் தாண்டும் வண்டி 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம். அதனால் சாலையின் விளிம்பில் ஒடுங்கிக்கொண்டு ஓட்டாதே. ஊருக்கு வெளியே இருட்டினால் ஒளிரும் மேலங்கியும் கட்டாயம்.

தண்ணீர் தீர்ந்தால் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போ. பூச்செடிகளுக்கு ஊற்ற அநேகமாக எங்கும் குழாய் இருக்கும். ‘ஓ நோன் பொத்தாபிள்’ (குடிநீர் அல்ல) என்று எழுதியிருந்தால் குடிக்காதே. ஞாயிறு பிற்பகலும் திங்களும் சிற்றூர்க் கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும், மதிய வேளையிலும் கதவு சாத்திவிடுவார்கள். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் காலையிலேயே பையில் போட்டுக்கொள். உன் ஊருக்குப் பக்கத்தில், சேந்த்-எத்தியேனில் வாழ்ந்த பால் தெ விவி, ‘வெலோசியோ’ என்ற பெயரில் சைக்கிள் பயணம் பற்றி எழுதியவர். பசிக்கும் முன் சாப்பிடு, தாகத்துக்கு முன் குடி, பெருமைக்காக மிதிக்காதே என்பதெல்லாம் அவர் வற்புறுத்திய விதிகள். பல கியர்கள் வைத்த சைக்கிளுக்காகவும் அவர் வாதாடினார். ஆனால் தூர் தெ பிரான்ஸ் பந்தயத்தில் கியர் மாற்றியை 1937-இல்தான் அனுமதித்தார்கள். அவர் பேச்சைக் கேட்டு, உன் சைக்கிளில் சிறிய கியர் சரியாக விழுகிறதா என்று கடையில் கேட்டுச் சரிசெய்துகொள். 28 மில்லிமீட்டர் அல்லது அதைவிட அகலமான டயர், மாற்று டியூப், பம்ப், சுரங்கத்துக்கு ஒரு விளக்கு. இவ்வளவு போதும்.

தூர்னுவில் புனித ஃபிலிபேர் ஆலயத்தைப் பார்த்துவிட்டு ரயில் நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம். லியோனுக்குப் போகும் டி.இ.ஆர். என்ற வட்டார ரயில் அங்கே நிற்கும், சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் மாலை ரயில்களின் நேரத்தைக் கிளம்பும் முன்பே குறித்து வைத்துக்கொள்.

அன்புடன்,
சித்தப்பா