உம்மாவின் தோள் கற்றுத்தந்த பாடம்

சென்ற வருடம் ஒரு மழைநாளில் ஈரத் தரையில் வழுக்கிய உம்மா, வலது கையை ஊன்றியபடி விழுந்தார். என்பு எதுவும் முறியவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தக் கையைத் தோளுக்கு மேலே உயர்த்த அவரால் முடியவில்லை. தோளின் தசைநாண் ஒன்று என்பிலிருந்து கிழிந்து பிரிந்திருப்பது பரிசோதனையில் தெரியவந்தது. சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தோம். உண்மையான வேலை அதன் பிறகுதான் தொடங்கியது. அந்த மாதங்களில் வீட்டில் கண்டதையும் உயர்தர உயிரியல் பாடத்தில் படித்ததையும் சேர்த்து இக்கட்டுரையை எழுதுகிறேன்.

தோள்மூட்டின் அமைப்பு

தோள்மூட்டு ஒரு பந்துக் கிண்ண மூட்டு. மேற்புய என்பின் உருண்டையான தலை, தோட்பட்டை என்பிலுள்ள குழியில் பொருந்தியிருக்கிறது. இடுப்பு மூட்டின் குழி ஆழமானது. தோளின் குழியோ ஆழமற்றது, சிறியது. அதனால்தான் கையை எல்லாத் திசைகளிலும் சுழற்ற முடிகிறது. அதனால்தான் தோள் எளிதில் விலகவும் செய்கிறது. பந்தைக் குழியின் நடுவில் பிடித்து வைத்திருப்பவை நான்கு தசைகளும் அவற்றின் தசைநாண்களுமாகும். இத்தொகுதியை ரொட்டேட்டர் கஃப் என்பார்கள். உம்மாவுக்குக் கிழிந்தது இதில் ஒன்றுதான்.

சத்திரசிகிச்சை செய்வது என்ன?

கிழிந்த தசைநாணை மீண்டும் என்போடு சேர்த்து நூலால் கட்டுகிறார்கள். ஆனால் தசைநாணும் என்பும் ஒட்டுவது நூலினால் அல்ல. முதல் நாட்களில் அங்கே அழற்சி ஏற்படுகிறது. அடுத்த கிழமைகளில் கலங்கள் புதிய கொலாஜன் நார்களை உருவாக்குகின்றன. இவை ஆரம்பத்தில் ஒழுங்கின்றியும் பலவீனமாகவும் இருக்கும். பின்னர் பல மாதங்களாக அவை இழுவிசையின் திசையில் ஒழுங்கடைந்து பலம் பெறுகின்றன.

இதை நான் விளக்கியபோது, வீட்டில் தையல் தைக்கும் உம்மா சிரித்தார். "துணியப் பிடிக்க நூலோட்டி வைக்கிற மாதிரித்தானே மகள்? மெஷின்ல தைக்கும் வரைக்கும் இழுக்கப்படாது" என்றார். அதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தக் குறிப்பிலும் படிக்கவில்லை.

மூன்று கட்டங்கள்

கிழிவின் அளவுக்கேற்ப வைத்தியர் வகுக்கும் திட்டம் மாறும். பொதுவாக அது மூன்று கட்டங்களைக் கொண்டது.

முதல் 4 முதல் 6 கிழமைகள் வரை கை, கழுத்தில் மாட்டும் கைத்தாங்கியில் இருக்கும். விரல்கள், மணிக்கட்டு, முழங்கை ஆகியவற்றை அசைக்கலாம். வைத்தியர் அனுமதித்தால், முன்னே குனிந்து கையைத் தொங்கவிட்டு, உடலை ஆட்டிக் கையை ஊசல்போல் அசையவிடலாம். தோள் ஆய்வில் முன்னோடியான அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் ஏர்னஸ்ட் கொட்மனின் பெயரால் இப்பயிற்சி அழைக்கப்படுகிறது. தோளைப் பற்றிய அவரது நூல் 1934இல் வெளிவந்தது.

இரண்டாவது கட்டத்தில், சுமார் 12ஆவது கிழமை வரை, கையைத் தன் பலத்தாலேயே மெதுவாக உயர்த்தப் பழக வேண்டும். சுவரில் விரல்களால் படிப்படியாக ஏறுவது இதில் ஒரு பயிற்சி. மூன்றாவது கட்டத்தில்தான் றப்பர் பட்டியை இழுத்துத் தசைகளைப் பலப்படுத்துவார்கள். முழுமையான குணத்துக்கு 6 மாதம் முதல் ஒரு வருடம் வரை செல்லலாம்.

நான் செய்த பிழை

கைத்தாங்கியைக் கழற்றிய பிறகு உம்மா சுவரில் விரலால் ஏறத் தொடங்கினார். எட்டிய உயரத்தில் நான் பென்சிலால் கோடிட்டுத் திகதி எழுதினேன். முதல் கோடு அவருடைய நெஞ்சளவில்தான் இருந்தது. வலியால் அவருடைய கண் கலங்கியது. "நாளைக்கிச் செய்வம் மகள்" என்றார். நானும் இரங்கி, சரி என்றேன். தலை வாரிவிட்டேன், பர்தாவுக்கு ஊசி குத்திவிட்டேன், தேநீர்க் கோப்பையைக்கூடக் கையில் கொடுத்தேன். அதைப் பணிவிடை என்று நினைத்தேன். 9 நாட்கள் சுவரில் ஒரு கோடும் விழவில்லை.

அடுத்த கிளினிக்கில் கை முன்னரைவிட இறுகியிருந்தது. அசையாத மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கும் என்று இயன்மருத்துவர் விளக்கினார். நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். உம்மாவுக்கும் நீரிழிவு உண்டு. பிறகு என்னைப் பார்த்து, "உம்மாட வேலை எல்லாத்தையும் நீங்களே செஞ்சா, உம்மாட கைக்கு என்ன வேலை மகள்?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை.

அன்றிலிருந்து ஒரு ஒழுங்கை வகுத்தோம். சுபஹ், அஸர், இஷா தொழுகைகளின் பின் 10 நிமிடங்கள் பயிற்சி. நான் கையைப் பிடிக்கவில்லை. பக்கத்தில் நின்று எண்ணினேன். சில நாட்களில் கோடு முன்னைய நாளைவிடக் கீழே விழுந்தது. ஆனாலும் அதையும் எழுதினோம்.

வீட்டார் கவனிக்க வேண்டியவை

பயிற்சியின்போது சிறிது வலி வந்து, சற்று நேரத்தில் தணிந்தால் பயப்படத் தேவையில்லை. இரவு முழுவதும் நீடிக்கும் வலியை இயன்மருத்துவரிடம் சொல்ல வேண்டும். காய்ச்சல், காயத்தில் சிவப்பு அல்லது சீழ், கையில் விறைப்பு, திடீரெனப் பலம் குறைதல் என்பன இருந்தால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். வலி குறைந்துவிட்டது என்பதற்காக வாளி தூக்குவதும் கூடாது. தசைநாண் பலம் பெறுவதற்கு முன்பே வலி தணிந்துவிடலாம்.

பொறுமை என்றால் பேசாமல் இருப்பது என்றே நான் விளங்கி வைத்திருந்தேன். முதல் கட்டத்தில் பொறுமை என்பது கையை அசைக்க ஆசைப்பட்டும் அசைக்காமல் இருப்பது. இரண்டாவது கட்டத்தில் அதுவே, வலித்தாலும் அசைப்பது. எது எப்போது என்பதை அறிவதற்குத்தான் வைத்தியரின் ஆலோசனை தேவை.

இப்போது 8 மாதங்கள் ஆகின்றன. அலுமாரியின் மேல் தட்டு உம்மாவுக்கு இன்னும் எட்டவில்லை. ஆனால் தொழுகையில் தக்பீர் சொல்லும்போது இரு கைகளும் ஒரே உயரத்துக்கு எழுகின்றன. பெருநாளைக்கு வீட்டுக்கு வெள்ளையடித்த வாப்பா, அந்தச் சுவரை மட்டும் விட்டுவைத்தார். கோடுகள் இன்னும் அங்கே இருக்கின்றன. அந்த 9 நாள் இடைவெளியும்தான்.