ஜன்னல் வெளிச்சத்தை விடாதே

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய மூன்று குறும்படங்களையும் பார்த்தேன். ஒன்று பேய்ப்படம், ஒன்று காமெடி, ஒன்று மந்தாரக்குப்பம் டீக்கடை பற்றிய டாக்குமெண்டரி. “எல்லாத்தையும் தொட்டா உனக்குன்னு ஒரு ஸ்டைல் வராது” என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்களாமே. அவர்களை பாலு மகேந்திரா படங்களை வரிசையாகப் பார்க்கச் சொல்.

மட்டக்களப்புப் பக்கம் அமிர்தகழியில் 1939இல் பிறந்தவர். ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படத்துக்காக பிரிட்டிஷ் இயக்குநர் டேவிட் லீன் இலங்கைக்கு வந்தபோது, படப்பிடிப்பைச் சிறுவனாக வேடிக்கை பார்த்ததில் பிடித்த பித்து என்று அவரே சொல்லியிருக்கிறார். பிரம்மாண்டத்தைப் பார்த்து வந்தவர், புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து, ‘மூடுபனி’ என்று த்ரில்லர் எடுத்தார், ‘சதிலீலாவதி’ என்று சிரிக்க வைத்தார், சன் டிவிக்கு ‘கதை நேரம்’ என வாராவாரம் ஒரு சிறுகதையைப் படமாக்கினார். டிவிதானே என்று அவர் கை தளரவில்லை. எதை எடுத்தாலும் ஜன்னல் வழியே விழும் வெளிச்சத்தை மட்டும் விடவில்லை.

‘வீடு’ (1988) படத்தை இரண்டு தடவை பார். ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெண் வீடு கட்டப் படும் பாடு, அவ்வளவுதான் கதை. படத்துக்காக நிஜமாகவே ஒரு வீட்டைக் கட்டினார்கள். பாட்டே கிடையாது, இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பத்திலிருந்து இசையை எடுத்துக்கொண்டார்கள். தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர் பாதி கட்டிய வீட்டுக்குள் தடுமாறி நடக்கும் இடத்தில் கேமரா அவசரப்படவே படாது.

உன் பேய்ப்படத்தில் நாலு பக்கமும் எல்இடி போட்டுவிட்டாய். அப்புறம் பேய் எங்கே ஒளியும்? ஆனால் காமெடியில், அம்மா பின்கதவைத் திறந்துவைத்து வெங்காயம் உரிக்கும் இருபது விநாடி இருக்கிறதே, அது நீ.

உன் ஊரிலேயே ஒரு ‘வீடு’ இருக்கிறது. முப்பது வருஷம் குவார்ட்டர்ஸில் இருந்தவர் ரிட்டயர் ஆகிச் சாவியை ஒப்படைக்கிறார். கொல்லையில் அவர் வைத்த மா காய்த்துக்கொண்டிருக்கிறது. இதைப் பேய்ப்படமாகவும் எடுக்கலாம், காமெடியாகவும் எடுக்கலாம். எதுவானாலும் சாயங்காலம் நாலு மணிக்கு அந்தச் சமையலறையில் போய் உட்கார்ந்து, வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டு எழுது.

ஸ்கிரிப்டைத் தாளில் அனுப்பு. வாய்ஸ் நோட் வேண்டாம்.

அன்புடன்,
அண்ணன்