யுரேனியத்தை நிறுத்தி வைக்கும் நுண்ணங்கி

யுரேனியத்தைத் தின்று அழிக்கும் பற்றீரியா ஒன்று உண்டென்று தோழியர் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மையில் நடப்பது அதுவல்ல. யுரேனியம்-238 இன் அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகள். அந்தத் தேய்வு அணுவின் கருவில் நடப்பது. எந்த உயிரியாலும் கருவைத் தொட முடியாது. அதைச் சூழவுள்ள இலத்திரன்களை மட்டுமே உயிரிகள் கையாளுகின்றன.

அந்த இலத்திரன் கொடுக்கல் வாங்கலே போதுமானது. பாறையிலுள்ள யுரேனியம் பெரும்பாலும் +4 ஒட்சியேற்ற நிலையில், நீரில் எளிதில் கரையாத கனியமாக இருக்கும். ஒட்சிசன் கலந்த நீர் பட்டால் +6 நிலைக்கு மாறிக் கரைந்து, நீரோடு புறப்பட்டுவிடும். குடிநீருக்கு ஆபத்து அங்கேதான். கதிர்வீச்சு ஒருபுறமிருக்க, யுரேனியம் சிறுநீரகத்தைப் பாதிக்கும் நச்சு உலோகமுமாகும்.

ஜியோபக்டர் என்னும் பற்றீரியா ஒட்சிசன் இல்லாத சேற்றிலும் மண்ணிலும் வாழ்கிறது. நமது உணவிலிருந்து பெறப்படும் இலத்திரன்களை இறுதியில் ஏற்றுக்கொள்வது ஒட்சிசன். ஜியோபக்டருக்கு அந்த வேலையைச் செய்வது இரும்புத் துரு. கரைந்த யுரேனியம் கிடைத்தால் அதற்கும் இலத்திரன்களைக் கொடுத்துவிடுகிறது. +6 மீண்டும் +4 ஆகிறது; கரைந்திருந்தது வீழ்படிவாகிறது. டெரெக் லவ்லி என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவரது குழுவினரும் 1991 இல் இதனை வெளியிட்டனர்.

ஆய்வுகூடத்தில் நடப்பது நிலத்தடியிலும் நடக்குமா? அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ரைபிள் என்றொரு சிறு நகர் உண்டு. அங்கே கொலராடோ ஆற்றங்கரையில் முன்பு யுரேனியத் தாதைப் பதப்படுத்தும் ஆலை இயங்கியது. ஆலை மூடப்பட்ட பின்னும் தரைக்கீழ் நீரில் யுரேனியம் எஞ்சியிருந்தது. 2002 இல் அந்த நிலத்தடியில் அசற்றேற்றுக் கரைசலைச் செலுத்தினார்கள். வினாகிரியிலுள்ள அசற்றிக் அமிலத்தின் உப்புதான் அது. ஜியோபக்டருக்கு நல்ல உணவு. வெளியிலிருந்து பற்றீரியா எதையும் கொண்டுவரவில்லை. ஏற்கெனவே மண்ணில் இருந்தவையே பெருகின. 50 நாட்களுக்குள் சில கிணறுகளில் யுரேனியம் அனுமதிக்கப்பட்ட அளவிலும் கீழே இறங்கியது.

அதன் பிறகு நடந்ததே எனக்கு முக்கியமாகப் படுகிறது. சல்பேற்றைப் பயன்படுத்தும் வேறு பற்றீரியாக்கள் பெருகி அசற்றேற்றை எடுத்துக்கொண்டன. ஜியோபக்டர் குறைந்தது; நீரில் யுரேனியம் மீண்டும் ஏறியது. ஆகவே இது ஒருமுறை செய்துவிட்டு மறந்துவிடும் மருந்தல்ல. வீழ்படிவான யுரேனியம் அதே இடத்தில்தான் கிடக்கிறது, ஒட்சிசன் வந்து சேர்ந்தால் திரும்பவும் கரையும்.

எல்லாக் கதிர்த்தொழிற்பாட்டு மூலகங்களுக்கும் இந்த வழி பொருந்தாது. நமது சபரகமுவப் பாறைப் பிரதேசத்திலிருந்து கிடைத்த தோரியனைற்று என்ற கனியத்தை 1904 இல் அறியத் தந்தவர் ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாற்றாசிரியராக நாம் அறிந்த அவரேதான். அப்போது அவர் இலங்கையின் கனியவள ஆய்வுக்குப் பொறுப்பாயிருந்தார். அந்தக் கனியத்தின் முக்கிய மூலகமான தோரியம் இயற்கையில் +4 நிலையிலேயே காணப்படுகிறது, நீரிலும் மிக அரிதாகவே கரைகிறது. இலத்திரன் கொடுத்து மாற்றுவதற்கு அங்கே ஜியோபக்டருக்கு எதுவுமில்லை.