தவறி வந்த பணம் யாருக்குச் சொந்தம்?

எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி, சரக்கு போட்டவருக்கு அனுப்ப வேண்டிய 8,000 ரூபாயை, போன் நம்பரில் 6க்குப் பதில் 9ஐத் தட்டி வேறு யாருக்கோ அனுப்பிவிட்டார். பெயர் திரையில் வந்திருக்கிறது. வியாபார நேரம், பார்க்கவில்லை. அந்த நம்பரைக் கூப்பிட்டால், "நானா கேட்டேன்? நீங்களா போட்டீங்க" என்று பதில். கடையில் நின்ற இருவர், "அவன் சொல்றதும் சரிதானே" என்றார்கள். பணம் போனதைவிட அதுதான் அண்ணாச்சிக்கு உறுத்தியது.

நம்பிக்கை: நான் திருடவில்லை, தானாக வந்தது. எனவே அது என் பணம்.

உண்மை: தவறுதலாகக் கைக்கு வந்த பணத்தைத் திருப்பித் தந்தே ஆகவேண்டும் என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 72. பிறருடையது என்று தெரிந்தபின் நேர்மையின்றித் தனதாக்கிக்கொண்டால் அது குற்றமும்கூட. பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை. எப்படி வந்தது என்பதல்ல, வந்தது தெரிந்தபிறகு என்ன செய்தீர்கள் என்பதே கேள்வி. ரோட்டில் கிடக்கும் நூறு ரூபாய்க்கு உரியவரைத் தேட வழியில்லை. கணக்கில் விழும் பணத்துக்குத் தேதியும் பரிவர்த்தனை எண்ணும் கூடவே வருகின்றன. "யாருதோ" என்று சொல்ல இடமே இல்லை.

நம்பிக்கை: தப்பு வங்கியுடையது என்றால் நமக்குப் பொறுப்பில்லை.

உண்மை: 2021இல் பீகாரின் ககரியா மாவட்டத்தில் ஒருவர் கணக்கில் கிராம வங்கி ஒன்று தவறுதலாக 5.5 லட்சம் ரூபாயை வரவு வைத்தது. பிரதமர் தருவதாகச் சொன்ன 15 லட்சத்தின் முதல் தவணை என்று நினைத்துச் செலவழித்துவிட்டேன் என்றார் அவர். கைதானார். ஊரே சிரித்தது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. வங்கி செய்த பிழைக்கு ஏழையைச் சிறையில் தள்ளுவதைவிடத் தவணை போட்டு வாங்குவதே நியாயம் என்பேன். ஆனாலும் வாங்கத்தான் வேண்டும்.

நம்பிக்கை: நல்ல மனிதர் என்றால், போன் வந்ததுமே திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

உண்மை: மனசாட்சி உள்ளவர்கள் ஏமாறும் இடம் இதுதான். "ஆஸ்பத்திரிக்குக் கட்ட வேண்டிய பணம்ணே, மாறி வந்துடுச்சு" என்று அழுதபடி ஒருவர் கூப்பிடுவார். உங்கள் போனில் குறுஞ்செய்தியும் இருக்கும். அது போலியாக இருக்கலாம்; கணக்கில் பணமே வந்திருக்காது. நிஜமாகவே வந்திருந்தாலும், அது வேறு யாரிடமோ களவாடியதாக இருக்கலாம். கூப்பிட்டவர் சொன்ன நம்பருக்கு நீங்கள் அனுப்பினால், மோசடிச் சங்கிலியில் உங்கள் கணக்கும் ஒரு கண்ணி. பிறகு சைபர் கிரைம் போலீஸ் கணக்கை முடக்கும்.

குறுஞ்செய்தியை நம்பாமல் முதலில் கணக்கின் இருப்பைப் பாருங்கள். பணம் வந்திருந்தால் தொடாதீர்கள். உங்கள் வங்கிக் கிளைக்குப் போய், "இந்தத் தேதியில் வந்த இந்தத் தொகை என்னுடையதல்ல, அனுப்பிய கணக்குக்கே திருப்பிவிட எனக்குச் சம்மதம்" என்று எழுதிக்கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

சம்மதம் என்ற அந்தச் சொல் முக்கியம். வாடிக்கையாளர் தவறாக அனுப்பிய பணத்தை, பெற்றவர் சம்மதிக்காமல் அவருடைய வங்கி பொதுவாக எடுத்துத் தராது. அண்ணாச்சி தன் வங்கியில் புகார் எழுதிக்கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. அந்த நம்பர்காரர் இன்னும் சம்மதிக்கவில்லை.