தடிமனுக்குப் பின் காது அடைத்தால்

மே மாதத்தில் தென்மேல் பருவமழை தொடங்கியதும் சப்ரகமுவத் தோட்டங்களில் வீட்டுக்கு வீடு தடிமன் வந்துவிடுகிறது. ஒரு கிழமையில் மூக்குத் தெளிகிறது. ஆனால் பலருக்குக் காது மாத்திரம் திறப்பதில்லை. பிறர் பேசுவது தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல் இருக்கிறது. தம்முடைய குரலோ பானைக்குள் பேசுவதுபோல் ஒலிக்கிறது. "குளிர் காதுக்குள் இறங்கிவிட்டது" என்று சொல்லி எண்ணெயைச் சூடாக்கத் தொடங்குகிறோம். சட்டியை அடுப்பில் வைக்குமுன் இந்தப் பாடத்தை வாசித்துப் பாருங்கள்.

காதுத் துவாரத்தின் முடிவில் செவிப்பறை என்ற மெல்லிய தோல் இருக்கிறது. மேளத்தோல் போன்றது. அதற்குப் பின்னால் காற்று நிறைந்த ஒரு சிறு அறை உண்டு. அதை நடுக்காது என்கிறோம். அந்த அறைக்கு ஒரே ஒரு காற்றுவழிதான். அது மூக்கின் பின்புறத்தில் போய்த் திறக்கும் ஒரு குழாய். வளர்ந்தவருக்குச் சுமார் ஒன்றரை அங்குல நீளம். சாதாரணமாக மூடியே இருக்கும். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் ஒரு கணம் திறந்து காற்றை உள்ளே விடும்.

அப்புத்தளையிலிருந்து பலாங்கொடை வழியாக இரத்தினபுரிக்கு பஸ்ஸில் இறங்கியவர்களுக்கு இது அனுபவத்தில் தெரியும். அப்புத்தளை கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீற்றர் உயரம். இரத்தினபுரி அதைவிட மிகவும் தாழ்வான இடம். இறங்க இறங்க வெளிக்காற்றின் அழுத்தம் கூடிச் செவிப்பறையை உள்ளே தள்ளுகிறது. காது அடைக்கிறது. எச்சிலை விழுங்கினால் குழாய் திறந்து "டக்" என்று சரியாகிவிடும்.

தடிமன் பிடித்தால் மூக்கின் உட்தோல் வீங்குவதுபோல இந்தக் குழாயின் உட்தோலும் வீங்குகிறது; விழுங்கினாலும் திறப்பதில்லை. உள்ளே அகப்பட்ட காற்றை நடுக்காதின் தோல் மெல்ல உறிஞ்சிக்கொள்ள, செவிப்பறை உள்ளே இழுபடுகிறது. பிறகு அந்த அறையில் நீர் ஊறிச் சேரலாம். தோல் சரியாக அதிராத மேளம் எப்படி ஒலிக்கும்? அப்படித்தான் நமக்குக் கேட்கிறது.

ஆகவே அடைப்பு இருப்பது செவிப்பறைக்குப் பின்னால். துவாரத்தில் விடும் எண்ணெயோ, பூண்டுச் சாறோ, தாய்ப்பாலோ அங்கே போகாது. செவிப்பறையில் ஏற்கெனவே ஓட்டை இருந்தால் மாத்திரமே போகும்; அப்போது அது மருந்தல்ல, கேடு. சூடான எண்ணெய் தோலைச் சுடும். கொண்டைஊசியும் கோழி இறகும் செவிப்பறையைக் கிழிக்கலாம். பாட்டிமார் நம்மீதுள்ள அன்பினால் செய்தார்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் காதுக்குள் ஒன்றும் விடவேண்டாம்.

பெரும்பாலானோருக்கு இது சில நாட்களில், அல்லது சில கிழமைகளில் தானாகவே திறந்துவிடும். அடிக்கடி விழுங்குங்கள், எதையாவது மெல்லுங்கள். மூக்கை ஒவ்வொரு பக்கமாக மெதுவாகச் சிந்துங்கள். இரண்டு துவாரத்தையும் அடைத்துப் பலமாகச் சிந்தினால் சளி குழாய்க்குள் ஏறும். கொதித்தாறிய ஒரு கோப்பை நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து மூக்கில் சில துளிகள் விடலாம். வேது பிடிப்பது மூக்குக்கு இதமாக இருக்கும். ஆனால் ஒடுங்கிய லயக் காம்பிராவில், முகாமில், கொதிநீர்ப் பானையைச் சுற்றிப் பிள்ளைகள் ஓடும்போது அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். முன்பு யாருக்கோ கொடுத்த அன்டிபயோட்டிக் குளிசையின் மிச்சத்தை விழுங்குவதாலும் இந்த நீர் வற்றாது.

சிறு பிள்ளைகளின் விடயம் வேறு. அவர்களுடைய குழாய் குட்டையானது, சரிவும் குறைவு. ஆகவே அடிக்கடி அடைக்கிறது. பலர் நெருங்கி வாழும் இடங்களில் தடிமன் ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். சிகரெட், பீடிப் புகையும் காதைக் கெடுக்கும். வலி இல்லாததால் பிள்ளை சொல்லாது. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாது, சொல்லைத் தவறாக உச்சரிக்கும், "ஆ?" என்று திரும்பக் கேட்கும். இடம்பெயர்ந்து புதிய பாடசாலைக்குப் போன பிள்ளையானால் "அடங்காத பிள்ளை", "மந்தம்" என்று பெயரும் வாங்கிவிடும். அடிக்குமுன் காதைச் சோதியுங்கள். பிள்ளையின் பின்னால் ஒரு கை தூரத்தில் நின்று, ஒரு காதை மெல்ல அடைத்து, மற்றக் காதுப் பக்கம் தெரிந்த சொற்களைக் கிசுகிசுத்துத் திரும்பச் சொல்லவையுங்கள். கேட்கவில்லையென்றால் ஆசிரியரிடம் சொல்லி முன்வாங்கில் இருத்துங்கள். அநேகமாக மூன்று மாதத்துக்குள் நீர் வற்றிவிடும். அதற்கு மேலும் நீடித்தால், அல்லது பேச்சு பின்தங்கினால், வைத்தியரிடம் காட்டியே ஆகவேண்டும்.

பெரியவர்களுக்கு ஒரு சோதனை. வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று முனகுங்கள். ஒரு காது மாத்திரம் அடைத்திருந்தால் சத்தம் அந்த அடைத்த காதில்தான் பலமாகக் கேட்கவேண்டும். நல்ல காதில் பலமாகக் கேட்டால், அதுவும் கேள்வி திடீரென்று குறைந்திருந்தால், பழுது செவி நரம்பில் இருக்கலாம். அதற்குக் காத்திருக்கக் கூடாது. அன்றே அல்லது மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். நாள் கடக்கக் கடக்க மருந்து பலிக்கும் வாய்ப்புக் குறையும். சீழ் வடிதல், காதின் பின்புறம் வீங்குதல், கடும் தலைச்சுற்று, முகம் ஒருபக்கம் கோணுதல் ஆகியவற்றுக்கும் தாமதம் வேண்டாம். பெரியவருக்கு ஒரே காது கிழமைக்கணக்கில் அடைத்திருந்தால் மூக்கின் பின்புறத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அரிதாக அங்கே கட்டி இருக்கக்கூடும்.

இரத்தினபுரி, கேகாலை பெரிய ஆஸ்பத்திரிகளில் காது, மூக்கு, தொண்டை கிளினிக் உண்டு. பணம் கட்டத் தேவையில்லை. மொழி தடையாக இருந்தால் "தருவாட்ட கன் எஹென்னே அடுவென்" என்று சொல்லுங்கள். பிள்ளைக்குக் காது குறைவாகக் கேட்கிறது என்பதே அதன் பொருள்.

இன்னொரு விடயம். நமக்குக் காது அடைக்கும் இதே மழைக்காலத்தில்தான் மலையும் சரிகிறது. 2016 மே மாதத்தில் அரநாயக்கவில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் லயங்கள் மண்ணுக்குள் போயின. மண் அசையும் ஓசையையும் அயலவரின் கூக்குரலையும் கேட்பது காதுதானே. ஒரு காது அடைத்தவர் நல்ல காதைத் தலையணையில் அழுத்திப் படுத்தால் அவருக்கு ஒன்றுமே கேட்காது. கடும் மழை இரவில் அவர் நல்ல காது மேலே இருக்கும்படி படுக்கட்டும். இரு காதும் மந்தமானவர் தனியே படுக்கவேண்டாம். அவரைத் தொட்டு எழுப்ப ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும்.

குழுவில் பேசுவதற்கு:
உங்கள் லயத்தில் அல்லது குடியிருப்பில் காது மந்தமானவர்கள் யார் யார்? மழை இரவில் அவர்களை எழுப்பும் பொறுப்பு யாருடையது? கடைசியாக வந்த தடிமனுக்குப் பின் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது?