வண்டிக்குள் வீடு கட்ட வந்த தம்பிக்கு



கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் தொழில் பழகிவிட்டு, நாச்சியாபுரத்தில் தகரக் கொட்டகை போட்டு, டிராவலர் வேன்களைக் கேரவனாக மாற்றிக் கொடுக்கப் போவதாக எழுதியிருந்தாய். சந்தோஷம். முதலில் என்ன மெஷின் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். காசு இருந்தால் மெஷினை எவரும் வாங்கிவிடலாம். அதற்கு முன்னால், இப்படி ஒரு வண்டியை ஏற்கெனவே வாங்கி ஒரு வருஷம் ஓட்டியவர்களைத் தேடிப்போய்ப் பார். "இன்னொரு தடவை கட்டினால் எதை மாற்றுவீர்கள்?" என்று மட்டும் கேள். ஆர்டர் கொடுக்கும்போது சொன்னதும் ஒரு வருஷம் கழித்துச் சொல்வதும் ஒத்தே போகாது. ஆர்டர் கொடுக்க வருகிறவர் டி.வி. எத்தனை அங்குலம், சீலிங்கில் நீல விளக்கு எங்கே, சோபா மடங்குமா என்று கேட்பார். ஓட்டிப் பார்த்தவர் படியைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் பேசுவார்.

நம் பக்கம் யார் இந்த வண்டி கேட்டு வருவார்கள் என்று முதலில் புரிந்துகொள். சினிமாக்காரர்களுக்கு வாடகைக்கு விட ஒரு கூட்டம் வரும். காரைக்குடிக்கும் சினிமாவுக்கும் உறவு பழையது. ஏவி.எம். செட்டியார் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டுப் படம் எடுத்த ஊர் இது. 1947-ல் வந்த 'நாம் இருவர்' இங்கே எடுத்ததுதான். அன்றைக்கு நடிகர்களுக்கு வேப்பமர நிழல் போதுமாக இருந்திருக்கும். இன்றைக்குக் கானாடுகாத்தான் தெருவில் ஷூட்டிங் என்றால் வரிசையாகக் கேரவன் நிற்கிறது. அவர்கள் தேவை வேறு: ஏ.சி., கண்ணாடி, ஜெனரேட்டர். நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்கிற வண்டி அது. அதைப் பார்த்துப் படித்துக்கொண்டு குடும்பத்துக்கு வண்டி கட்டாதே.

உன்னிடம் அதிகம் வரப்போகிறவர்கள் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருந்துகொண்டு படைப்புக்கும் கல்யாணத்துக்கும் ஊருக்கு வந்து போகிற குடும்பங்கள். வீடு அரண்மனை மாதிரி இருக்கும். ஆனால் பங்காளிகள் எல்லாரும் ஒரே நாளில் கூடினால் படுக்க இடம் இருக்கும், குளிக்க இடம் இருக்காது. கழிவறை கொல்லைப்புறத்தில், பல கட்டு தாண்டி. மூட்டுவலிக்கார ஆச்சிக்கு ராத்திரி இரண்டு மணிக்கு அது காத தூரம். வளவுக்கு வெளியே வண்டி நிறுத்தி அதற்குள் படுத்தால் நிம்மதி என்று நினைக்கிறார்கள். பிறகு அதே வண்டியில் நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களும், பழனியும், சபரிமலையும். இந்த ஆச்சியை மனத்தில் வைத்துக்கொண்டு கட்டு. மற்றதெல்லாம் தானாக வரும்.

ஆச்சி வண்டியில் ஏறுவதை ஒரு தடவை நின்று பார். முதல் படி தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருக்கிறது. வீட்டுப் படி ஆறேழு அங்குலம்தான். இடது கையால் கதவைப் பிடிக்கிறார், கதவு ஆடுகிறது. வலது கை பிடிமானம் தேடி உள்ளே துழாவி, கடைசியில் சீட்டின் துணியைப் பற்றுகிறது. பின்னால் பேரன் தாங்குகிறான். ஏறி உட்கார்ந்ததும் "அடுத்த கோயிலுக்கு நான் இறங்கவில்லை, நீங்கள் போய்ட்டு வாங்க" என்கிறார். லட்சக்கணக்கில் செலவழித்த வண்டியின் லட்சணம் இது. இழுத்தால் வெளியே வருகிற இரட்டைப் படி, இரண்டு பக்கமும் பட்டையில்லாத உருண்டைக் கம்பிக் கைப்பிடி, படிக்கு மேல் ஒரு சின்ன விளக்கு. மொத்தமும் இரண்டு நாள் வேலை. ஒரு வருஷம் ஓட்டியவர்களைக் கேட்டால் பாதிப் பேர் இதைத்தான் முதலில் சொல்வார்கள் என்பது என் அனுமானம். நீ கேட்டுச் சரிபார்த்துக்கொள்.

அடுத்தது வெயில். சித்திரையில் மத்தியானம் நிறுத்தி வைத்த வண்டிக்குள் தலையை நீட்டிப் பார்த்தால் தெரியும். எல்லாரும் ஏ.சி. என்பார்கள். ஒரு டன் ஏ.சி. ஓடினால் ஏறக்குறைய ஆயிரம் வாட் இழுக்கும். நம் வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கிற 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் பாட்டரியில் மொத்தமே 1.8 யூனிட்தான். லெட் ஆசிட் பாட்டரி என்றால் அதில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது. எடுத்தால் ஆயுள் போய்விடும். ஆக, ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. லித்தியம் போட்டால் ஒன்றரை யூனிட் வரை எடுக்கலாம், ஒன்றரை மணி நேரம். ராத்திரி முழுக்க ஏ.சி. வேண்டுமென்றால் எத்தனை பாட்டரி, என்ன எடை, என்ன விலை என்று தாளில் போட்டுக் காட்டு. கணக்கைப் பார்த்ததும் முக்கால்வாசிப் பேர் இறங்கி வருவார்கள். பி.எல்.டி.சி. ஃபேன் முப்பது வாட். இரண்டு ஃபேன் எட்டு மணி நேரம் ஓடினாலும் அரை யூனிட்.

ஃபேன் சூட்டுக் காற்றையே சுழற்றிவிடக் கூடாது. அதற்குத்தான் வண்டியின் காற்றோட்டத்தையும் கூரையையும் கவனிக்கச் சொல்கிறேன். உன் தாத்தா வீட்டு முகப்பில் நின்று நேராகப் பார்த்தால் கொல்லைக் கதவு தெரியுமல்லவா? காற்றுக்கு நேர்வழி விட்டுக் கட்டிய வீடு அது. வண்டியிலும் அப்படியே செய்: ஜன்னலுக்கு எதிரே ஜன்னல், சூட்டை மேலே தள்ள கூரையில் ஒரு வென்ட் ஃபேன். ஜன்னலுக்குக் கொசுவலை மறக்காதே; கண்மாய்க்கரையில் நிறுத்துகிறவர்கள் உன்னை வாழ்த்துவார்கள். தகரத்துக்கும் உள் பலகைக்கும் நடுவே ஃபோம் ஷீட் ஓர் இடுக்கு விடாமல் ஒட்டு. கூரைக்கு வெள்ளை பெயின்ட். சோலார் தகடு போடுவதாக இருந்தால் கூரையோடு ஒட்டிப் போடாமல் மூன்று அங்குலம் தூக்கிப் போடு. அடியில் காற்று ஓடினால் தகடும் சூடேறாது, கூரைக்கும் நிழல். நானூறு வாட் தகடு நம் வெயிலில் நாளைக்கு ஒன்றரை யூனிட் தருகிறது. ஃபேன், விளக்கு, செல்போன் சார்ஜ், சின்ன ஃபிரிட்ஜ் எல்லாம் அதில் அடங்கிவிடும்.

இதில் மிக்ஸி ஒரு தனிக்கதை. சட்னி அரைக்காமல் நம் ஆட்கள் ஊர் சுற்றுவதில்லை. 750 வாட் மிக்ஸி ஐந்து நிமிஷம் ஓடினால் செலவாகிற மின்சாரம் ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த ஐந்து நிமிஷமும் 12 வோல்ட் பாட்டரியிலிருந்து எழுபது ஆம்பியர் பாயும். வீட்டு வயரிங்குக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயரைப் பாட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே போட்டாயானால் உருகிவிடும். 35 போடு. பாட்டரிப் பக்கத்திலேயே ஃபியூஸ் வை. முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுகிற பழக்கத்தைக் கரூரிலேயே விட்டுவிட்டு வந்திருப்பாய் என்று நம்புகிறேன். ஓடுகிற வண்டியில் எல்லா ஜாயின்ட்டும் ஒருநாள் தளரும். லக் வைத்து கிரிம்ப் பண்ணு.

சமையலை முடிந்தவரை வெளியே தள்ளு. வெளிநாட்டுப் படங்களில் உள்ளே அழகான அடுப்படி இருக்கும். அங்கே முட்டை பொரிப்பதோடு சரி. இங்கே வெங்காயம் தாளித்தால் அந்த வாசனை மெத்தையில் ஏறி பழனி வரை கூட வரும். பின் கதவைத் திறந்தால் வெளியே இழுத்துக்கொள்கிற அடுப்பு மேடையாகப் போடு. மேலே தூக்கின கதவே மழைக்குக் கூரை. கேஸுக்கு ஐந்து கிலோ சிலிண்டர் போதும். அது இருக்கிற அறை வண்டியின் உட்பக்கத்தோடு தொடர்பே இல்லாமல் அடைத்திருக்க வேண்டும். அடித்தரையில் வெளியே திறக்கிற துளை வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழேதான் தேங்கும். மேலே ஜன்னல் இருக்கிறதே என்று எவராவது சொன்னால் அந்த ஆர்டரை எடுக்காதே.

கழிவறையைப் பற்றிக் கூச்சப்படாமல் பேசு. அமெரிக்காவில் முகாம் இடங்களில் மின்கம்பம், தண்ணீர்க் குழாய், கழிவைக் கொட்டத் தனி இடம் எல்லாம் இருக்கும். வண்டியை அதற்கேற்ப அமைத்திருப்பார்கள். கேரளாவில் 2021-ல் 'கேரவன் கேரளா' என்று அறிவித்து, அடுத்த வருஷம் வாகமண்ணில் கேரவன் பூங்கா திறந்தார்கள். நம் வண்டிகள் நிற்பதோ பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம், உறவுக்காரர் தோப்பு. பெரிய டேங்க் வைத்துக் கொடுத்தால் அதை எங்கே காலி செய்வார்? ரோட்டோரம் திறந்துவிடுவார், அல்லது யாரையாவது கூப்பிட்டு நூறு ரூபாய் கொடுத்து அள்ளச் சொல்வார். இரண்டும் குற்றம், இரண்டாவது பாவமும்கூட. கையோடு கழற்றி எடுத்துப் போய் எந்தக் கழிவறையிலும் கொட்டிக் கழுவக்கூடிய கேசட் வகை வைத்துக் கொடு. அதை வண்டிக்குச் சொந்தக்காரரே செய்ய வேண்டும் என்று சொல்லி, டெலிவரி நாளில் அவரையே செய்து காட்டச் சொல்லு. முகத்தைச் சுளிப்பவருக்குக் கழிவறை இல்லாத வண்டியே போதும்.

இனி எடை. உன்னை அதிகம் சோதிக்கப் போவது இதுதான். ஏனென்றால் நீ இருக்கிற ஊர் அப்படி. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய வீட்டுத் தூண், நிலை, கதவு எல்லாம் விலைக்குக் கிடைக்கிறது. "உள்ளே பர்மா தேக்கு போட்டு, தரைக்கு ஆத்தங்குடிக் கல் பதித்து, செட்டிநாட்டு வீடு மாதிரியே வேண்டும்" என்று ஒருவர் நிச்சயம் வருவார். முக்கால் அங்குலக் கனமுள்ள ஆத்தங்குடிக் கல் சதுர அடிக்கு ஏறக்குறைய நாலு கிலோ. அடியில் கலவை வேறு. ஐம்பது சதுர அடிக்குக் கல் மட்டும் இருநூறு கிலோ. திருப்பத்தூர் தாண்டுவதற்குள் விரிசல் விடும். அந்தப் பூ டிசைன் வினைல் ஷீட்டில் கிடைக்கிறது. கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை என்று அதைக் காட்டு. தேக்கு ஆசைக்கு ஒரு கைப்பிடியும் ஒரு கண்ணாடிச் சட்டமும் போதும். மீதிக்கு பி.வி.சி. பலகையும், ஈரம் படுகிற இடத்தில் ஐ.எஸ். 710 மரைன் பிளைவுட்டும்.

தண்ணீரும் எடைதான். நூறு லிட்டர் என்றால் நூறு கிலோ. அதைப் பின்சக்கரத்துக்குப் பின்னால் வைத்தால் பின்பக்கம் இறங்கி முன்பக்கம் லேசாகிவிடும், ஸ்டியரிங் பிடி தராது. இரண்டு அச்சுக்கும் நடுவே, தாழ்வாக வை. உள்ளே தடுப்புத் தகடு போடு. இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கிறபோதெல்லாம் தண்ணீர் முன்னே வந்து மோதும். வேலை தொடங்குமுன் வெறும் வண்டியை எடை மேடையில் ஏற்றி, முன் அச்சு தனி, பின் அச்சு தனி என்று எடை போட்டுச் சீட்டு வாங்கு. முடிந்ததும் தண்ணீர் நிரப்பி, ஆட்களை உட்கார வைத்து மறுபடி போடு. ஆர்.சி.யில் இருக்கிற மொத்த எடையைத் தாண்டினால் எதையாவது கழற்று.

ஆர்.சி. என்றதும் ஞாபகம் வருகிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் வண்டியைத் தயாரித்த கம்பெனி முதலில் குறிப்பிட்டதற்கு மாறாகிவிடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. கேரவனுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்று தனி விதிமுறையே இருக்கிறது. சோதனைக்கு புனே ஏ.ஆர்.ஏ.ஐ. போகலாம். கட்டி முடித்துவிட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் புரோக்கரைத் தேடுகிற வேலை வேண்டாம். சீட்டைக் கழற்றுமுன் தாள் வேலையைத் தொடங்கு. விபத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.

என்னதான் கேட்டுக் கட்டினாலும் ஒரு வருஷத்தில் அவர்கள் மாற்றச் சொல்வார்கள். அதனால் மாற்ற முடிகிற மாதிரி கட்டு. கட்டில் சட்டத்தை வெல்டு வைக்காதே. போல்ட் போட்டு நைலாக் நட் வை. வயர் போகிற குழாயில் இன்னும் இரண்டு வயருக்கு இடம் விட்டு ஒரு நூலையும் இழுத்து விட்டு வை. பம்பு, ஃபியூஸ், டேங்க் மூடி இவற்றைப் பலகைக்குப் பின்னால் புதைக்காமல் கதவு போட்டு வை. எந்த வயர் எங்கே போகிறது என்று படம் வரைந்து ஒன்றை வண்டியில் ஒட்டு, ஒன்றை நீ வைத்துக்கொள். படுத்தபடியே எட்டுகிற சுவிட்ச், செருப்பு வைக்க வாசலருகே ஒரு தட்டு, ஈர வேட்டி காயப்போட வெளியே மடக்குகிற கம்பி ஆகியவற்றை ஆர்டர் கொடுக்கிறவர் எவரும் கேட்க மாட்டார். கேட்காமலே செய்துவிடு. விலையைச் சொல்லும்போதே, ஒரு வருஷம் கழித்து மூன்று நாள் வேலை அதில் அடக்கம் என்று சொல்லிவிடு. அந்த மூன்று நாளில் நீ கற்பதை எந்தப் பட்டறையும் கற்றுத்தராது.

கொட்டகைக்குக் கால் நடுமுன் ஒரு காரியம் செய். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து நகரத்தார் காவடி புறப்பட்டு, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடக்கும். நடக்கிறவர்களுக்குப் பின்னால் சமையல் சாமானும் வயசானவர்களும் ஏறின வண்டிகள் போகும். நீயும் ஏதாவது ஒரு வண்டியில் கிளீனராக ஏறிக்கொள். டிரைவர் எங்கே படுக்கிறார், குடம் எங்கே உருள்கிறது, யார் எதைப் பிடித்து ஏறுகிறார் என்று பார்த்து எழுதிக்கொள். திரும்பி வந்ததும் எனக்கு எழுது. கூடவே உன் முதல் வண்டியின் எடைச் சீட்டுக்கும் ஒரு நகல் எடுத்து அனுப்பு. பிளைவுட் வாங்குவதற்கு முன்னால்.

அன்புடன்,
உன் தொழிலில் மூத்தவன்